சங்காற்றின் உயிர்வாழ் சான்று

சங்காறு செத்தது ஒரு பங்குனி மாதத் திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு. கொன்றது குரும்பலூர் அழகேசனின் ப்ளெக்ஸ் கடை. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அழகேசனுக்கும் இல்லை. பேனரில் ‘மறைவு’ என்ற சொல்லுக்குக் கீழே தேதியையும் மணியையும் அடித்தவன் அவன்தான். மணி எதற்கு, தேதி போதுமே என்று அவன் மனைவி வெற்றிச்செல்வி சொல்லிப் பார்த்தாள். மணி போட்டால்தான் படிக்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்றான் அவன். ஆறு நம்பிவிட்டது.

பச்சைமலை அடிவாரத்தில் கிளம்பி, ஒன்பது ஊர்களுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அரியலூர்ப் பக்கம் போய் மருதையாற்றில் சேர்கிற சின்ன ஆறு அது. ஐப்பசியில் இடுப்பளவு ஓடும், பங்குனியில் கணுக்கால் அளவு. மணலைக் கிளறினால் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும். அந்தச் சீமை முழுக்க ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று படித்தவர்கள் சொல்வார்கள். படிக்காதவர்கள் அந்தச் சங்கை எடுத்துவந்து விபூதி போட்டு வைத்துக்கொள்வார்கள். சிமெண்டுக்கு ஆகும் அந்தக் கல்லுக்கு ஆசைப்பட்டு ஒரு கம்பெனி ஆற்றுப் படுகையைக் குத்தகைக்குக் கேட்டு எழுதிப் போட்டிருந்தது. ஆற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, ஓரமாக ஒதுக்கிவிடலாம் என்று பதில் வந்தது, கல்யாண வீட்டில் செருப்பை ஒதுக்கிவிடுவதைப்போல.

வெற்றிச்செல்வி மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏறும் தண்ணீரை, காலை ஆறு மணிக்கு வால்வைத் திறந்து தெருக்களுக்கு விடுவது அவள் வேலை. ஆறு போனால் வால்வும் போகும், ஒன்பது ஊர்க் குடமும் கவிழும் என்று முதலில் கணக்குப் போட்டவள் அவள். குழு ஒன்று கூட்டினாள். மனு கொடுத்தார்கள், கையோடு கை கோத்துப் பாலத்தில் நின்றார்கள், ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தார்கள். அன்றைக்கென்று பார்த்துப் பெரம்பலூர் பைபாசில் வெங்காய லாரி கவிழ்ந்ததால் பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் வெங்காயத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். கடைசியில், நம் பக்கத்தில் எல்லாப் போராட்டமும் போய்ச் சேருகிற இடத்துக்கு அவர்களும் வந்தார்கள்: ஆற்றுக்குப் பாடை கட்டி, மாலை போட்டு, ஒப்பாரி வைப்பது. பேனர் பொறுப்பு வீட்டுக்காரனுடையது.

அழகேசனுக்கு வயது நாற்பத்தெட்டு. அவன் அப்பா அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டியே முதுகு வளைந்தவர். மகன் நிமிர்ந்து நின்று மிஷின் ஓட்டினான். வட்டாரத்தில் யார் பெரிய மனுஷியானாலும், யார் கண்ணை மூடினாலும் முதல் போன் அவனுக்குத்தான் வரும், சில நேரம் டாக்டருக்கே அப்புறம்தான் தெரியும். தன்னை எமனோட விளம்பர ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்வான். கேலி கலக்காமல் அவன் வாயிலிருந்து வந்த பேச்சுகள் அதுவரைக்கும் இரண்டே இரண்டு. ஒன்று, வெற்றிச்செல்வியின் அப்பாவிடம் பெண் கேட்டது. அதையும் அவர் கேலி என்று நினைத்து ஒரு வருஷம் பதில் சொல்லவில்லை. இரண்டாவது, அப்பாவின் உடம்புக்குப் பக்கத்தில் நின்று சொன்னது. அது யாருக்கும் கேட்கவில்லை.

பேனர் அவன் கைக்கு வந்ததிலேயே சிறந்த வேலையாக அமைந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ரோஜா இதழ், பின்னால் சூரியன் மறைகிறது, நடுவில் புளியமரத் திருப்பத்தில் ஆறு வளைகிற போட்டோ. தோற்றம்: கடல் வற்றிய மறுநாள். மறைவு: அன்றைய தேதி, காலை 10.45. கீழே, கண்ணீரில் மிதக்கும் ஒன்பது ஊர் உற்றார் உறவினர். இதைக் கரையில் கட்டிவிட்டு ஆண்டாயியைப் பாட விட்டார்கள். ஆண்டாயி ஆண்டிமடத்தில் பிறந்து ஆற்றின் கடைசி ஊருக்கு வாக்கப்பட்டவள், முந்திரி உடைத்துக் கை கறுத்தவள். அவள் மாரில் அடித்துக்கொண்டு எடுத்த எடுப்பில், பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரரே தொப்பியைக் கழற்றினார். பாட்டு முடிகிறபோது மணி பத்தே முக்கால். படுத்திருந்தவர் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு போவதைப்போல, தண்ணீர் மேல்பக்கத்திலிருந்தும் கீழ்ப்பக்கத்திலிருந்தும் தன்னைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. ஈர மணலில் கெண்டைக்குஞ்சுகள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அன்று முழுக்க அழகேசன் பேனரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கு வெற்றிச்செல்வி வால்வைத் திறக்க, குழாய்களில் பெருமூச்சு மட்டும் வந்தது. அப்புறம்தான் எடுத்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆறு அவன் கடைக்கு வந்தது. அவன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, பிரிண்டிங் மிஷினுக்குப் பின்னால், ப்ளெக்ஸ் சுருள்கள் அடுக்கிய மூலையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு ஆள் உயரம். தரையில் பரவவில்லை, சுவரில் ஊறவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு வந்து, உட்காரச் சொல்வார்களா என்று தெரியாமல் நிற்கிறவர்களைப்போல ஒடுங்கி நின்றது. கடையில் ஈர மணல் வாசமும் பழைய கடல் வாசமும் அடித்தது. அழகேசன் ஃபேனை நிறுத்தினான், காற்றில் உலர்ந்துவிடுமோ என்று. பிறகு வெற்றிச்செல்விக்குப் போன் பண்ணி, உன்னைத் தேடி ஒருத்தங்க வந்திருக்காங்க என்று மட்டும் சொன்னான். அவள் குடத்தோடு வந்தாள். மொண்டு பார்த்தாள். குடம் காலியாகவே மேலே வந்தது. செத்தவர்கள் பாத்திரத்தில் வரமாட்டார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ‘பிழைக்கு வருந்துகிறோம்’ என்று எட்டுக்கு நாலில் ஒரு பேனர் அடித்து ஆற்றின் எதிரே மாட்டினான் அழகேசன். ஆறு அதைப் படித்ததாகத் தெரியவில்லை. நாளுக்கு அரைச் சாண் உயரம் குறைந்துகொண்டே வந்தது.

எட்டாம் நாள், திங்கட்கிழமை, மனு வாங்குகிற நாள். புருஷனும் பெண்டாட்டியும் பெரம்பலூரில் ஓர் ஆபீசுக்குப் போனார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம், அங்கே இருப்பவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். கோப்பைப் பார்த்துக்கொள்கிற அறிவழகன் சாருக்கு மேசை அகலம், அதிகாரம் குறுகல். கம்பெனி புதிதாக ஒரு காகிதம் சேர்த்திருந்தது: ஆறு இறந்துவிட்டதாக ஊர் மக்களே அறிவித்திருப்பதால், படுகையை வெறும் நிலமாகக் கருதிக் குத்தகை தர வேண்டும், ஆதாரமாகப் புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது. புகைப்படத்தில் இரண்டு குத்துவிளக்கும் ரோஜா இதழும் பளிச்சென்று இருந்தன. அடுத்த வாரம் கையெழுத்தாகிவிடும் என்றார் அவர்.

“அது போராட்டத்துக்குப் போட்டதுங்க சார்” என்றாள் வெற்றிச்செல்வி.

“அப்படின்னு கீழ ஒரு வரி போட்டிருக்கணும்ங்க. மறைவுன்னு நீங்களே போட்டிருக்கீங்க. மணி வேற போட்டிருக்கீங்க.”

வெற்றிச்செல்வி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அப்படியொரு பார்வையை வாங்கியதில்லை. அறிவழகனுக்கே பாவமாகிவிட்டது. பேனாவை மூடிவைத்துவிட்டு, பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் நேரில் வந்து, உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டுப் போவதை நினைவுபடுத்தினார். அதே மாதிரி ஆற்றை அழைத்துவந்தால் தன்னால் எழுத முடியும். உயிர்வாழ் சான்று இருக்கிற ஆற்றை வெறும் நிலம் என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். கடையில், மிஷினுக்குப் பின்னால் என்றான் அழகேசன். ‘தற்போதைய முகவரி’ என்ற இடத்தில் அதை அவர் எழுதிக்கொண்டார். வரும் திங்கட்கிழமை கடைசி.

அதாவது பதினைந்தாம் நாள். ஆண்டாயியை வரவழைத்துக் கேட்டதில், மறுநாள் பதினாறு, அது கழிந்தால் யார் கூப்பிட்டாலும் திரும்பாது என்று சொல்லிவிட்டாள். கடை மூலையில் நின்ற ஆற்றை மேலும் கீழும் பார்த்தாள். அப்போது அது இடுப்பளவுக்கு வந்திருந்தது. தன்மேல் தப்பில்லை என்றாள். பாட்டில் பொய் கலக்கவில்லை, பார்த்ததும் அழுகை வந்தது, அழுதேன்.

“அதுவும் கேட்டுட்டு, ‘சரிதான், நாம போயிட்டம்போல’ன்னு எந்திரிச்சு வந்துருச்சு தம்பி. நம்மள மாதிரிதான். நாலு பேரு ஒண்ணாச் சொன்னா நம்பிரும்.”

திருப்பிக் கூப்பிட வழி உண்டா என்று அழகேசன் கேட்டான். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை என்றாள். ஆனால் ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் ராகம் ஒன்றுதான், வேகத்தில்தான் கொஞ்சம் வித்தியாசம், பாடித்தான் பார்க்க வேண்டும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள்: செத்தவர்களுக்கு வேலை கிடையாது. அதனால் ஆற்றுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆபீஸ் வேலையாக இருந்தாலும் பரவாயில்லை.

திங்கட்கிழமை காலை ஆற்றைப் பஸ்ஸில் அழைத்துப்போனார்கள். பெரம்பலூர்ப் பக்கத்தில் எந்தக் காரியத்துக்கும் பஸ்தான், ஆற்றுக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்ய முடியாது. கடையிலிருந்து நிறுத்தம் வரைக்கும் அது அவர்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்தது. முழங்கால் உயரம், தளர்ந்த நடை, நடந்த இடத்தில் ஈரத் தடம்கூட விழவில்லை. டவுன் பஸ் வந்தது. பின்படி வழியாக ஏற்றினார்கள். கண்டக்டர் தர்மன் பதினெட்டு வருஷ சர்வீசில் ஆடு, கோழி, தென்னங்கன்று, ஒரு முறை தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை பெண்ணைக்கூட ஏற்றியிருக்கிறார். அவருக்கிருந்த சந்தேகம் ஒன்றே ஒன்றுதான்.

“இதுக்கு லக்கேஜ் போடுறதா, ஆள் டிக்கெட்டா?”

“ஆள் டிக்கெட்டுங்க” என்றான் அழகேசன்.

“ஆம்பளையா, பொம்பளையா? பொம்பளைன்னா டவுன் பஸ்ல ஃப்ரீ.”

ஆண்டாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒம்பது ஊருக்குக் குடிக்கக் குடுத்தவள, பச்சப்புள்ளைலேருந்து கெழடு வரைக்கும் குளிப்பாட்டி வுட்டவள, ஆம்பளையான்னு கேக்குறியே, ஒனக்கே நல்லாருக்கா?”

தர்மன் மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஒரு காலேஜ் பெண் எழுந்து ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தாள். பஸ் கிளம்பியதும் ஆண்டாயி பாட ஆரம்பித்தாள். அதே ராகம், ஆனால் பதினைந்து நாள் முன்பு இறக்கிய இடத்தில் எல்லாம் இப்போது ஏற்றினாள், அடித்த இடத்தில் எல்லாம் தட்டிக்கொடுத்தாள். சின்ன வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் தூங்கிப்போனார். எதிரே கேன் தண்ணீர் வண்டி ஒன்று கடந்தபோது, சொந்தக்காரரை வேறு வேஷத்தில் பார்த்துவிட்டதுபோல ஆறு ஜன்னல் பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தது. அப்புறம் அதில் ஒரு அலை எழுந்தது. சின்னதுதான், தூக்கத்தில் குழந்தை உதடு சுழிக்கிற அளவு. பெரம்பலூர்ப் பாலக்கரை வருவதற்குள் பஸ்ஸின் தரை நனைந்தது. வேட்டி நனைந்த ஒருவர் சண்டைக்கு எழுந்தார், எதனால் நனைந்தது என்று பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். இறங்கி நடக்கையில், முதல் முறையாக ஈரத்தடம் விழுந்ததை வெற்றிச்செல்வி கவனித்தாள். யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று.

ஆபீசில் டோக்கன் நாற்பத்தேழு. மரத்தடியில் காத்திருந்தார்கள். முறை வந்து உள்ளே போனபோது, அறிவழகனின் மேசைமேல் கோப்பு விரிந்திருந்தது, மேலாக அந்தப் போட்டோ. வாசற்படியில் ஆறு நின்றுவிட்டது. குத்துவிளக்குக்கு நடுவில் தன் படத்தைப் பார்த்தது. முழங்காலில் இருந்தது கணுக்காலுக்கு இறங்கியது, கணுக்காலில் இருந்தது ஈரத் துணி அளவுக்குத் தரையோடு படிந்தது. ஆண்டாயி பாடிப் பார்த்தாள், வெற்றிச்செல்வி கெஞ்சிப் பார்த்தாள். செத்ததாக அறிவித்தவர் யாரோ அவர் வாபஸ் வாங்கினால் சரியாக இருக்கும் என்றார் அறிவழகன், எழுந்து நின்றபடியே. மனுவோடு வந்த கூட்டம் முழுக்க அழகேசனைப் பார்த்தது. அவன் பழக்கப்படி ஒரு ஜோக்கைத் தேடினான். பையில் சாவியைத் தேடுவதுபோல நாலு பக்கமும் துழாவினான், கிடைக்கவில்லை. தரையில் மண்டி போட்டு, ஈரத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான்.

“நீ சாவல, ஆத்தா. ஒடம்பு முடியாம கெடந்த. முடியாம கெடக்கறவங்கள வந்து பாக்கணும். நான் வந்து பாக்கல, நேரா பேனர் அடிச்சுட்டேன். தப்பு என்னுதுதான். எந்திரி. இனிமே வந்து பாக்குறோம்.”

கேலி கலக்காத அந்த மூன்றாவது பேச்சை இந்த முறை எல்லாரும் கேட்டார்கள். சொல்லிவிட்டு அவன் எழுந்திருக்கவில்லை. அவன் வேட்டி முதலில் நனைந்தது, பிறகு முழங்கை நனைந்தது, பிறகு அவனே லேசாக மிதந்தான். ஆறு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. ஊழியர்கள் கீழ் அடுக்குக் கோப்புகளை மேல் அடுக்குக்கு மாற்றினார்கள். அறிவழகன் செருப்புக்குள் ஒரு கெண்டைக்குஞ்சு போய் வந்தது. அவர் முறைப்படி அங்க அடையாளம் இரண்டு கேட்டார். ஒன்று, புளியமரத்திடம் வலப்பக்கம் ஒரு திருப்பம். இரண்டு, அடியில் கல் சங்கு என்று வெற்றிச்செல்வி சொன்னாள். கையெழுத்து வராதவர்கள் ரேகை வைக்கலாம் என்று பதிவேட்டை நீட்டினார். ஆறு அதன்மேல் ஒரு முறை படுத்து எழுந்தது. வரிவரியாக மணல் அலையும், நடுவில் கட்டைவிரல் அளவில் ஒரு கல் சங்கும் தாளில் தங்கின. ‘உயிருடன் உள்ளது, நேரில் கண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அறிவழகன். அந்தப் பதிவேட்டின் தாள்கள் இன்றைக்கும் நெளிநெளியாகத்தான் இருக்கின்றன.

குத்தகைக் கோப்பைக் கிழித்துப் போடவில்லை. ஆபீசில் எதையும் கிழிக்கமாட்டார்கள். ‘நிலுவை’ என்று எழுதி உள்ளே வைத்தார்கள். சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், அடுத்த பங்குனியில் திரும்ப நேரில் வர வேண்டும், வராவிட்டால் கோப்பு வெளியே வரும் என்று அறிவழகன் விளக்கினார். மழைக்காலத்தில் வரக்கூடாதா என்று அழகேசன் கேட்டதற்கு, ஐப்பசியில் சாக்கடைகூட ஆறு மாதிரிதான் இருக்கும், பங்குனியில் வந்து நின்றால்தான் நான் எழுதுவேன் என்றார். திரும்பும்போது பாலத்துக்குப் பக்கத்தில், நிறுத்தமே இல்லாத இடத்தில் தர்மன் விசில் அடித்தார். ஆறு இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டது. பதினாறாம் நாள் காலை ஆறு மணிக்கு வெற்றிச்செல்வி வால்வைத் திறந்தாள். முதலில் பெருமூச்சு வந்தது, அடுத்து இருமல், அதற்கப்புறம் தண்ணீர்.

வந்து பாக்குறோம் என்று சொன்னது ஒருத்தன்தான் என்றாலும், ஒன்பது ஊரும் அதில் மாட்டிக்கொண்டது. ஊருக்கு ஒரு கிழமை என்று பிரித்தார்கள். சனியையும் ஞாயிறையும் இரண்டிரண்டு ஊர்கள் பங்கிட்டுக்கொண்டன. முதல் வாரம் ஜனங்கள் நிஜமாகவே உடம்பு முடியாதவர்களைப் பார்க்கப் போகிறாற்போல ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். வெற்றிச்செல்வி ஆரஞ்சை வந்தவர்களுக்கே உரித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் கடப்பாரை கொண்டுவரச் சொன்னாள். சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்கினார்கள். கோழிக்கழிவு மூட்டையை ஆற்றில் போட வந்தவரைத் திட்டவில்லை. நோயாளி இருக்கிற இடம்ங்க என்று தணிந்த குரலில் சொன்னார்கள், அவர் மூட்டையை வண்டியிலேயே திரும்ப வைத்துக்கொண்டார். மணலுக்கு வந்த டிராக்டரின் எதிரே நாற்பது பேர் மரியாதையாகப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அழகேசனின் கிழமை செவ்வாய். அவன் வேலை செய்ததைவிடப் பேசியதுதான் அதிகம் என்று மற்றவர்கள் சொல்வார்கள், அதில் பொய் இல்லை. கடைக்குக் கண்ணீர் அஞ்சலி கேட்டு வருகிறவர்களிடம் இப்போது முதலில், இருக்கும்போது போய்ப் பார்த்தீர்களா என்று கேட்கிறான். இதனால் சில வாடிக்கைகள் போயின. மணி மட்டும் எவ்வளவு சொன்னாலும் போடுவதில்லை.

இரண்டாம் வருஷம் ஆறு இடுப்பளவு உயரத்தில் பஸ் ஏறியது. மூன்றாம் வருஷம் ஒரே பஸ்ஸில் அடங்கவில்லை, மீதி அடுத்த டிரிப்பில் வந்தது. தர்மன் இரண்டுக்கும் தனித்தனியாக மகளிர் டிக்கெட் கிழித்தார். பங்குனி இரண்டாவது திங்கட்கிழமை காலையில் அந்தத் தடத்தில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள், ஜன்னலோர சீட்டு ஒன்றை விட்டுவைப்பார்கள். வெளியூர்க்காரர் யாராவது, பஸ்ஸுக்குள்ள என்னங்க இவ்ளோ தண்ணி என்று கேட்டால், பக்கத்தில் இருக்கிறவர் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, ஆத்துக்கு இன்னிக்கு ஆபீஸ்ல வேலைங்க என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் கொடுப்பார்.